வீட்டில் ஐஸ் தொட்டி வாங்கலாமா? எதற்காக என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். வயது 34, சென்னையில் வேலை. வாரத்தில் 4 நாள் ஜிம்மில் எடை தூக்குகிறீர்கள், ஞாயிறு காலை கால்பந்து. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் தொடை வலியில் படி இறங்க முடியவில்லை. தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரமான சில்லரோடு வரும் குளிர்நீர்த் தொட்டி ஒன்றின் விளம்பரம் பார்த்தீர்கள், விலை 1 லட்சத்துக்கு மேல். வாங்கலாமா, எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம், தினமும் இறங்கலாமா? கூடவே, பி.பி. மாத்திரை சாப்பிடும் 66 வயது அப்பாவும் மூட்டு வலிக்கு அதில் இறங்கிப் பார்க்க ஆசைப்படுகிறார், பரவாயில்லையா?

நான் விளையாட்டு வீரர்களுக்கு பிசியோதெரபி செய்பவன். கபடி, கால்பந்து, நெடுந்தூர ஓட்டம் என்று பல அணிகளோடு ஐஸ் டிரம் பக்கத்தில் நின்றிருக்கிறேன். அதனால் முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு பந்துக்குப் பிறகு ஐஸ் பாத் உங்களுக்கு உதவும். ஜிம் நாட்களில் அது உங்கள் உழைப்பில் ஒரு பங்கைத் தின்றுவிடும். அப்பா இறங்க வேண்டாம். 1 லட்சத்தை இப்போது எடுக்காதீர்கள், ஒரு டிரம்மும் ஒரு தெர்மாமீட்டரும் போதும். இனி ஒவ்வொன்றாக, ஏன் என்று பார்க்கலாம்.

12 டிகிரி நீரில் கால் இறங்கியதும் தோலுக்கு அடியில் இருக்கும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. தசைக்குப் போகும் ரத்தமும் குறைகிறது. வலியைச் சுமந்துபோகும் நரம்புகள் மந்தமாகின்றன. மரத்துப் போவது என்கிறோமே, அதுதான். தண்ணீரின் பாரம் வேறு நாலாபுறமும் காலை அழுத்துவதால் கணுக்கால் வீக்கம் கொஞ்சம் வடிகிறது. தண்ணீர் காற்றைவிட சுமார் 25 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். 16 டிகிரி ஏசியில் ராத்திரி முழுக்கத் தூங்குகிற நமக்கு 16 டிகிரி தண்ணீரில் 10 நிமிடம் உட்காருவதே பெரிய பாடாக இருப்பது அதனால்தான்.

பயிற்சிக்கு மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் வருகிற தசை வலி இதனால் குறைகிறதா என்றால், குறைகிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2012-ல் வெளியிட்ட மதிப்பாய்வு 17 சிறிய சோதனைகளையும் அவற்றில் கலந்துகொண்ட 366 பேரையும் சேர்த்துப் பார்த்தது. சும்மா ஓய்வெடுத்தவர்களைவிடக் குளிர்நீரில் இறங்கியவர்களுக்கு வலி குறைவாக இருந்தது. 2016-ல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு 11 முதல் 15 டிகிரி வரை, 11 முதல் 15 நிமிடம் வரை என்பதுதான் நல்ல பலன் தரும் அளவு என்று காட்டியது. அந்த எண்ணைக் கவனியுங்கள். 3 டிகிரியும் இல்லை, பனிக்கட்டி மிதக்கும் நீரில் வீராப்புக்காக உட்காருவதும் இல்லை. 12, 13 டிகிரி போதும். அதற்குக் கீழே போகப் போக ஆபத்துதான் ஏறுகிறது.

இந்தப் பலனில் மனசின் பங்கும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் 30 ஆண்களைக் கடுமையாகப் பயிற்சி செய்ய வைத்துவிட்டு மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு 10 டிகிரி தண்ணீர். இன்னொரு பிரிவுக்கு உடம்புச் சூட்டுக்குக் கிட்டத்தட்ட ஒத்த வெதுவெதுப்பான தண்ணீர். மூன்றாவது பிரிவுக்கும் அதே வெதுவெதுப்புதான், ஆனால் களைப்பைப் போக்கும் விசேஷ எண்ணெய் கலந்திருக்கிறது என்று சொல்லி, சாதாரணத் தோல் சோப்பைக் கலந்தார்கள். 2014-ல் வந்த முடிவில், சோப்புத் தண்ணீரில் உட்கார்ந்தவர்களும் ஐஸ் தண்ணீரில் உட்கார்ந்தவர்களுக்கு ஈடாகவே மீண்டிருந்தார்கள். இதைப் படித்துவிட்டு ஐஸ் பாத் ஏமாற்று என்று நான் முடிவுகட்டவில்லை. நாளைக் காலை இன்னொரு ஆட்டம் இருக்கிற பையனுக்கு "என் கால் லேசாகிவிட்டது" என்ற நம்பிக்கையும் உபயோகமானதுதான். ஆனால் நீங்கள் பணம் போடப் போகிறவர், உங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது உங்கள் ஜிம் விஷயம். உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். எடை தூக்கிய பிறகு தசை வளர்வது எப்படி? தசைக்குள் சின்னச் சின்னச் சேதம் வருகிறது, ரத்தம் பாய்கிறது, லேசான அழற்சி வருகிறது, புதுப் புரதம் கட்டப்படுகிறது. நீங்கள் பணமும் நேரமும் கொடுத்து வரவழைக்கிற மாற்றம் அது. அதே நேரத்தில் ஐஸ் தண்ணீரில் இறங்கினால் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மேலே தண்ணீர் ஊற்றுவதுபோல் ஆகிவிடும். 2015-ல் வந்த ஆய்வு ஒன்றில் 21 ஆண்கள் 12 வாரம் எடைப் பயிற்சி செய்தார்கள். ஒரு பிரிவு ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் 10 டிகிரி நீரில் 10 நிமிடம் உட்கார்ந்தது. மற்றப் பிரிவு 10 நிமிடம் மெதுவாக சைக்கிள் மிதித்தது. 12 வாரம் கழித்து அளந்தால், சைக்கிள் மிதித்தவர்களுக்கே தசையும் பலமும் அதிகம் கூடியிருந்தன.

நெதர்லாந்தில் செய்த சோதனை இதைவிடத் தெளிவானது. 12 இளைஞர்கள் இரண்டு வாரம் எடைப் பயிற்சி செய்தார்கள். ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் ஒரு காலை 8 டிகிரி நீரிலும் மறு காலை 30 டிகிரி நீரிலும் 20 நிமிடம் வைத்தார்கள். ஒரே ஆள், ஒரே சாப்பாடு, ஒரே தூக்கம். குளிரில் வைத்த காலில் புதுத் தசைப் புரதம் உருவாவது குறைந்திருந்தது.

ஆகவே எடை தூக்கும் நான்கு நாளும் பயிற்சிக்குப் பிறகு தொட்டிப் பக்கம் போகாதீர்கள். குளிர்நீரில் இருப்பதே உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்றால் பயிற்சிக்கு முன்னால் காலையில் செய்யுங்கள், அல்லது ஜிம் இல்லாத நாளில் செய்யுங்கள். ஓட்டம், சைக்கிள் போன்ற மூச்சுப் பயிற்சிகளின் பலனை ஐஸ் பாத் இப்படிக் கெடுப்பதாகத் தெரியவில்லை. உங்கள் ஞாயிறு கால்பந்துக்கு அது பொருந்தும். ஞாயிறு ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் இடுப்பளவு நீரில் 10 நிமிடம், வாரம் ஒருமுறை. உங்களுக்கான அளவு அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஞாயிறு ஆடிவிட்டு செவ்வாய் வரை படி இறங்க முடியவில்லை என்றால் அது வாரம் முழுக்க ஓடாத கால் ஒரே நாளில் 90 நிமிடம் ஓடியதன் கணக்கு. புதன்கிழமை 20 நிமிடம் ஓடுங்கள், நடுவில் நாலைந்து வேக ஓட்டம் சேர்த்துக்கொள்ளுங்கள். போகப் போக வலி குறையும். இதற்கு ஐஸும் வேண்டாம், சில்லரும் வேண்டாம்.

விளம்பரத்தில் மனசுக்கு நல்லது, டோபமைன் இரண்டரை மடங்கு ஏறும், எதிர்ப்பு சக்தி கூடும், கொழுப்பு கரையும் என்றெல்லாம் போட்டிருப்பார்கள். டோபமைன் எண் எங்கிருந்து வருகிறது தெரியுமா? செக் நாட்டில் செய்து 2000-ல் வெளியான ஓர் ஆய்விலிருந்து. 14 டிகிரி நீரில் தலை மட்டும் வெளியே இருக்க உட்கார்ந்தவர்களுக்கு உடம்பை விழிப்பாக்கும் நார்அட்ரினலின் 530 சதவீதமும், ஊக்கம் தரும் டோபமைன் 250 சதவீதமும் உயர்ந்தன. எண் சரிதான். ஆனால் அவர்கள் உட்கார்ந்திருந்தது ஒரு மணி நேரம்! இரண்டு நிமிடம் இறங்கி ஏறுபவருக்கு அதே எண்ணைக் காட்டி விற்பது நியாயமில்லை. வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார முயற்சி செய்யவும் கூடாது.

எதிர்ப்பு சக்திக்கு வருவோம். நெதர்லாந்தில் 3,018 பேரை வைத்து நடந்த சோதனை 2016-ல் வந்தது. வழக்கமான வெந்நீர்க் குளியலின் கடைசியில் 30, 60 அல்லது 90 வினாடி பச்சைத் தண்ணீரில் நிற்க வேண்டும், 30 நாள் தொடர்ந்து. அப்படி நின்றவர்கள் உடம்பு சரியில்லை என்று வேலைக்கு மட்டம் போட்டது 29 சதவீதம் குறைந்தது. ஆனால் நோய்வாய்ப்பட்ட நாட்களின் எண்ணிக்கை குறையவில்லை. அதாவது சளி வந்தது, வந்தாலும் எழுந்து வேலைக்குப் போனார்கள். 30 வினாடி நின்றவருக்கும் 90 வினாடி நின்றவருக்கும் வித்தியாசமும் இல்லை. இதில் தொட்டியே இல்லை, வெறும் ஷவர்தான் என்பதையும் கவனியுங்கள். 2025-ல் 11 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மதிப்பாய்வு, குளிர்நீருக்குப் பிறகு உடனேயும் ஒரு மணி நேரம் கழித்தும் அழற்சிக் குறிகள் ஏறுவதையும், மன அழுத்தம் 12 மணி நேரம் கழித்து அளந்தபோது குறைந்திருந்ததையும் கண்டது. ஏறி வந்ததும் உடம்பும் மனசும் விழித்துக்கொள்கிற அந்த உணர்வு உண்மை, நானே ஒவ்வொரு முறையும் உணர்கிறேன். அதை விரும்பி இறங்குங்கள், தவறில்லை. கொழுப்பு கரையும் என்று மட்டும் நம்பாதீர்கள். ஏறி வந்ததும் எடுக்கிற பசியில் அது ஈடுகட்டிப் போகும்.

"நம் முன்னோர் மார்கழியில் விடியற்காலை குளிக்கவில்லையா, அதுதானே இது" என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மார்கழிக் குளியல் நல்ல பழக்கம். ஆனால் சென்னையில் மார்கழிக் கிணற்று நீர் 25 டிகிரியோ அதற்கு மேலோ இருக்கும். நாம் பேசுவது அதில் பாதி. இரண்டும் உடம்பில் செய்கிற வேலை வேறு.

அந்தப் பாதியைச் சென்னையில் எப்படிக் கொண்டுவருவது? ஐரோப்பாவில் குளிர்காலத்தில் குழாயைத் திறந்தாலே 10, 12 டிகிரியில் தண்ணீர் வரும். நமக்கு மே மாதம் மதியம் மாடித் தொட்டித் தண்ணீர் கையைச் சுடும். விடியற்காலையில் பிடித்தாலும் 30 டிகிரி. 300 லிட்டரை 30-லிருந்து 12-க்கு இறக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ ஐஸ் உருகி அந்த நீரோடு கலந்து 12 டிகிரிக்கு வருவதற்குள் சுமார் 384 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சும். 300 லிட்டரிலிருந்து எடுக்க வேண்டியது சுமார் 22,600 கிலோஜூல். வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட 60 கிலோ ஐஸ். ஒரு தடவைக்கு! நீங்கள் இறங்கியதும் உங்கள் உடம்புச் சூடு வேறு சேரும். கடையில் ஐஸ் கியூப் பாக்கெட் வாங்கி இதைச் செய்ய நினைப்பவர்கள் இரண்டாம் வாரமே விட்டுவிடுவார்கள்.

சில்லர் என்றாலும் இதே வெப்பத்தைத்தான் எடுக்க வேண்டும். ஒரு கிலோவாட் வேகத்தில் வெப்பத்தை இறக்கும் சில்லர் 6 மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். தொட்டிச் சுவர் மெல்லியதாக இருந்து வெயிலும் பட்டால், இறக்கிக்கொண்டே இருக்கும், இறங்காது. விற்பவரிடம் குதிரைத் திறன் எவ்வளவு என்று கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். 35 டிகிரி வெயிலில் 300 லிட்டரை 12-க்குக் கொண்டுவர எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேளுங்கள், கண்ணெதிரே காட்டச் சொல்லுங்கள். குளிர்நாட்டுக்காகச் செய்த இயந்திரங்கள் நம் மே மாதத்தில் திணறுவதை நேரில் பார்த்திருக்கிறேன். மின்சாரச் செலவு பலர் பயப்படுகிற அளவுக்கு இல்லை. முதல் தடவை இறக்க சுமார் 2 யூனிட், அதற்குப் பிறகு மூடியும் சுவரும் எவ்வளவு நன்றாக வெப்பத்தைத் தடுக்கின்றன என்பதைப் பொறுத்தது. வாரம் ஒருநாள் இறங்குபவருக்கு ஏழு நாளும் ஓடும் இயந்திரம் எதற்கு என்பதுதான் என் கேள்வி.

அதனால் டிரம். மூடியுள்ள நீல பிளாஸ்டிக் டிரம், 200 லிட்டர், புதியதாகவோ உணவுப் பொருள் வைத்திருந்ததாகவோ பார்த்து வாங்குங்கள். ரசாயனம் வந்த பழைய டிரம் எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம். 120 லிட்டர் ஊற்றினால் நீங்கள் இறங்கி முழங்காலை மடக்கித் தாழும்போது தண்ணீர் இடுப்புக்கு ஏறும். இதற்கு 24 கிலோ ஐஸ் போதும். வீட்டு பிரீசரில் ஒரு லிட்டர் பாட்டில் எட்டை உறையவைத்துப் போட்டால் சுமார் 7 டிகிரி இறங்கும். இன்னும் நாலு பாட்டில் சேர்த்தால் முதல் வாரப் பழக்கத்துக்குச் சரியாக இருக்கும். முழு அளவுக்கு வெளியிலிருந்து ஐஸ் பார் வாங்க வேண்டியிருக்கும். மீனுக்கு விற்கும் ஐஸ் குடிநீரில் செய்ததாக இருக்க வேண்டியதில்லை. அதை நேராகத் தண்ணீரில் போடாமல் தடித்த பிளாஸ்டிக் பையில் கட்டிப் போடுங்கள், வாயில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், காலில் சிராய்ப்பு இருந்தால் அன்று இறங்காதீர்கள். மீன் தொட்டிக்கு வைக்கும் சின்ன தெர்மாமீட்டர் ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். அளப்பதற்கு முன் ஒரு குச்சியால் அடிவரை கலக்குங்கள், கலக்காவிட்டால் மேலும் கீழும் ஒரே டிகிரியாக இருக்காது.

எங்கே வைப்பது என்பதும் சின்ன விஷயமில்லை. 300 லிட்டர் தொட்டி, நீங்கள், தொட்டியின் எடை எல்லாம் சேர்த்தால் 400 கிலோ. அது நிற்கிற இடமோ அரை சதுர மீட்டர். வீட்டு அறைத் தளத்துக்கு இந்தியத் தரநிலையில் கணக்கிடும் பாரம் சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ. வைத்த உடனே ஒன்றும் ஆகிவிடாது, பாரம் தளம் முழுக்கப் பரவும். ஆனாலும் பழைய கட்டடம், மொட்டை மாடி என்றால் ஒரு பொறியாளரைக் கேளுங்கள். சுவருக்கு வெளியே நீட்டிக் கட்டிய பால்கனியில் வேண்டவே வேண்டாம். தரைத் தளத்தில், தண்ணீர் வடியும் இடத்தில் வைப்பதுதான் நிம்மதி.

சில்லர் வாங்குவதாக முடிவு செய்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதித்து, அந்த இணைப்புக்கு, மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடாமல் தண்ணீரில் கால் வைக்காதீர்கள். நீட்டிப்புக் கம்பியில் மாட்டி ஈரத் தரையில் இழுத்து வைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

தண்ணீர்ச் சுத்தத்தைப் பற்றி விற்பவர்கள் பேசுவதே இல்லை. குளிர் கிருமியை மந்தமாக்கும், கொல்லாது. வேர்வையும் மண்ணுமாக இறங்கினால் மூன்றாம் நாள் சுவரில் கை வழுக்கும். டிரம் என்றால் ஒவ்வொரு முறையும் கொட்டிவிட்டுத் தேய்த்துக் காயவையுங்கள், கொட்டுவதைச் செடிக்கு விடலாம். தண்ணீரை வைத்துக்கொள்ளும் தொட்டி என்றால் வடிகட்டியும், நீச்சல் குளத்துக்குப் போடும் அளவில் குளோரினும் வேண்டும். இறங்கும் முன் சோப்புப் போட்டுக் குளிக்கவும் வேண்டும். அப்புறம் கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டை வைக்கும், நம் வெயிலில் 7 முதல் 10 நாளில் பறக்கத் தொடங்கிவிடும். சில்லரை அணைத்துவிட்டு ஊருக்குப் போய் வந்தால் உங்கள் தொட்டி தெருவுக்கே ஆபத்தாகும். இறுக மூடுகிற மூடி இல்லாத தொட்டியை வாங்காதீர்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அந்த மூடிக்குப் பூட்டும் வேண்டும்.

இனி இறங்குவது. ஒரு மே மாதம், தென் மாவட்டத்தில் ஒரு கபடிப் போட்டி. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வேப்ப மரத்தடியில் இரண்டு டிரம். சாக்கில் சுற்றி வந்த ஐஸ் பாரைக் கடப்பாரையால் உடைத்துப் போட்டோம். தெர்மாமீட்டர் 13 காட்டியது. ரெய்டு போகிற பையன் ஒருவன், 19 வயது, அதற்கு முன் ஐஸில் இறங்கியதே இல்லை. ஸ்டூலில் ஏறி ஒரு காலை விட்டான், இரண்டாவதையும் விட்டு இடுப்பு வரை இறங்கினான். தோள் இரண்டும் காது வரை ஏறின. வாய் திறந்து ஒரே இழுப்பாக மூச்சை இழுத்தான், அதை வெளியே விடத் தெரியவில்லை. டிரம் விளிம்பைப் பிடித்த விரல் நுனியெல்லாம் வெளுத்துவிட்டன. நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு "விடு, விடு, வெளியே ஊது" என்று எண்ணிக்கொண்டிருந்தேன். 70, 80 வினாடி ஆகியிருக்கும். தோள் தானாக இறங்கியது. "அண்ணே, இப்ப பரவால்ல" என்றான்.

அந்த ஒன்றரை நிமிடத்தில் நடப்பதற்குக் குளிர் அதிர்ச்சி என்று பெயர். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தில் மைக் டிப்டன் என்ற பேராசிரியர் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார். தோல் சட்டென்று குளிர்ந்ததும் நம்மைக் கேட்காமலேயே ஒரு பெரிய மூச்சு உள்ளே போகும், மூச்சு வேகமெடுக்கும், இதயம் படபடக்கும், பி.பி. ஏறும். முதல் அரை நிமிடம் உச்சம், இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கும். அந்த முதல் மூச்சு வரும்போது வாய் தண்ணீருக்குள் இருந்தால் நீரில் மூழ்கும் ஆபத்து அங்கேயே. ஆகவே குதிக்கக் கூடாது, தலையை முக்கக் கூடாது. முகம் நனையும்போது இதயத்தை மெதுவாக்கச் சொல்லும் கட்டளை ஒன்று கிளம்பும். குளிர் அதிர்ச்சி வேகமாக்கச் சொல்லும். இரண்டும் ஒரே நேரத்தில் மோதும்போது நல்ல உடம்புக்காரருக்கும் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம்.

இன்னொரு பழக்கம் இப்போது பரவுகிறது: இறங்குவதற்கு முன் முப்பது நாற்பது தடவை வேகமாக மூச்சு வாங்குவது. தண்ணீருக்குப் பக்கத்தில் அதைச் செய்யவே செய்யாதீர்கள். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்துவிடும், மூச்சு முட்டுகிற எச்சரிக்கை வராமலே மயக்கம் வரும். இடுப்பளவு தண்ணீரும் ஆளைக் கொல்லும்.

நல்ல செய்தி, உடம்பு சீக்கிரம் பழகும். ஆறு தடவை, மூன்று மூன்று நிமிடம் இறங்கினாலே குளிர் அதிர்ச்சி ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. நீங்கள் முதல் வாரம் 20 டிகிரியில் 2 நிமிடம் தொடங்குங்கள். அடுத்த வாரம் 17, 18-ல் 4 நிமிடம். ஐந்தாறு முறை ஆனபின் 13-ல் 8 முதல் 10 நிமிடம். கால் விரல் கடுக்கிறதென்றால் தடித்த சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். நெஞ்சு வரை போக வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை, வலிப்பது தொடையும் கெண்டைக்காலும்தானே. பேச்சு குழறினால், நடுக்கம் அடக்க முடியாமல் வந்தால், நெஞ்சில் ஏதாவது தோன்றினால் நேரம் மிச்சமிருந்தாலும் ஏறிவிடுங்கள்.

ஏறும்போது மெதுவாக ஏறுங்கள். கால் மரத்திருக்கும், தண்ணீரின் அழுத்தம் போனதும் ரத்தம் காலுக்கு இறங்கித் தலை சுற்றும். அதே போட்டியில் இன்னொரு பையன் டிரம்மிலிருந்து துள்ளிக் குதித்து வெளியே வந்து, ஈரச் சிமெண்டில் கால் போன போக்கில் சரிந்தான். கைத்தாங்கலாகப் பிடித்ததால் தலை தப்பியது. அன்றிலிருந்து டிரம் பக்கத்தில் சாக்கு விரிக்காமல் யாரையும் இறக்குவதில்லை. ஏறிய பிறகும் பத்து இருபது நிமிடம் உடம்பின் உள்சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். துடைத்து, உலர்ந்த துணி போட்டு, நடந்து, சூடாக ஏதாவது குடியுங்கள். உடனே வெந்நீரில் குளிக்க வேண்டாம், வண்டியும் ஓட்ட வேண்டாம். குடித்திருக்கும் நாளில் தொட்டியை நினைக்கவே வேண்டாம்.

ஐஸ் தொட்டிக்கு ஒரு வேலை உண்டு, அதில் எனக்குத் துளியும் சந்தேகம் கிடையாது: வெயிலில் ஓடி விழுந்தவரைக் காப்பாற்றுவது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபால்மவுத் என்ற ஊரில் ஆண்டுதோறும் கோடையில் ஓட்டப் பந்தயம் நடக்கும். அங்கே 18 ஆண்டுகளில் வெப்பத் தாக்கத்தால் சாய்ந்த 274 பேரைப் பந்தயம் முடியும் கோட்டுக்குப் பக்கத்திலேயே ஐஸ் தொட்டியில் போட்டார்கள். 274 பேரும் பிழைத்தார்கள். ஏப்ரல், மே வெயிலில் உங்கள் அணி ஆடுகிறதென்றால், ஒருவர் தடுமாறி, சம்பந்தமில்லாமல் பேசி, தொட்டால் நெருப்பாகக் கொதித்து விழுந்தால், ஒருவர் 108-க்குப் போன் செய்ய, மற்றவர்கள் அவரை நிழலுக்குத் தூக்கி, சட்டை, ஷூவைக் கழற்றிக் கழுத்து வரை குளிர்நீரில் இறக்குங்கள். அக்குளுக்குக் கீழே துண்டு போட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள், தலை மூழ்கக் கூடாது, தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருங்கள். டிரம் இல்லையென்றால் ஐஸ் தண்ணீரில் நனைத்த துண்டுகளை உடம்பு முழுக்கப் போட்டு மாற்றிக்கொண்டே விசிறுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை கை கட்டி நிற்காதீர்கள், அந்தச் சில நிமிடங்களில்தான் மூளை காப்பாற்றப்படுகிறது. ஞாயிறு மைதானத்துக்கு அந்த டிரம்மையும் இரண்டு மூட்டை ஐஸையும் கொண்டுபோனால் உங்கள் ரெக்கவரியும் அங்கேயே முடிந்துவிடும், மற்ற 21 பேருக்கும் காவலாக இருக்கும்.

கடைசியாக அப்பா. குளிர்நீரில் இறங்கியதும் பி.பி. எகிறும் என்று சொன்னேன். உங்களுக்கு அது ஒன்றரை நிமிடத் தொல்லை. 66 வயதில், ஏற்கெனவே பி.பி. இருக்கிறவருக்கு அது மாரடைப்பாகவோ பக்கவாதமாகவோ முடியலாம். அவர் சாப்பிடும் மாத்திரையைப் பொறுத்து இதயம் ஈடுகொடுக்கும் விதமும் மாறும். இதய நோய், துடிப்புக் கோளாறு, வலிப்பு, ஆஸ்துமா, குளிரில் விரல் வெளுத்து நீலமாகும் தொல்லை, குளிர் பட்டால் தடிப்பு வருகிற உடம்பு, கர்ப்பம் என்று இருப்பவர்களும் இதேபோல் விலகியிருக்க வேண்டும். நீண்ட நாள் சர்க்கரையால் பாதம் மரத்துப் போனவர்களும் அப்படியே. குளிர் காயப்படுத்துவது அவர்களுக்குத் தெரியாது. அப்பாவின் மூட்டு வலி காலையில் எழுந்ததும் இறுகிப் பிடித்து, நடக்க நடக்க விடுகிற வலி என்றால், வெந்நீர்த் துண்டு ஒத்தடம் அவருக்கு இதமாக இருக்கும். வீங்கிச் சூடாக இருக்கிற நாளில் மட்டும் துணியில் சுற்றிய ஐஸ் பையை முட்டியில் 10 நிமிடம் வைக்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி, ஐந்து எண்ணி இறக்குவதை ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, தினம் இரண்டு வேளை செய்யச் சொல்லுங்கள். முட்டிக்கு அது பெரிய உதவி. ஞாயிறு நீங்கள் டிரம்மில் இருக்கும்போது பக்கத்தில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும், தனியாக இறங்கவே கூடாது. அந்த நாற்காலியை அங்கே கொண்டுபோய்ப் போடுங்கள். ஒரு கையில் கடிகாரம், இன்னொரு கையில் உலர்ந்த துண்டோடு அப்பா உட்காரட்டும்.